கடைசிக் குரல் வரை ஊதிய சங்கு

சங்கைக் கழுவிக்கொண்டே சொல்கிறேன், கிட்ட வந்து உட்காருங்க. பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்குதான். மேலாக ஒரு தண்ணீர் விட்டுக் கவிழ்த்தால் கழுவின மாதிரிதான் தெரியும். ஆனால் சுழிக்குள்ளே ஒரு சொட்டுப் பால் நின்றுகொண்டே இருக்கும். அதை விட்டுவிட்டால் சாயங்காலம் புளிச்ச வாடை வந்துவிடும். சுற்றித் திருப்பி, சாய்த்துப் பிடித்து, பொறுமையாகத்தான் வெளியே எடுக்கணும். அது ஆகிறவரைக்கும் இந்தக் கதை.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னே, கடல் இவ்வளவு கரிக்கத் தொடங்காத காலத்திலே, மூன்று ஊர் சேர்ந்த ஒரு நாடு இருந்தது. மலைக்கு அடியில் தேனடுக்கம். நடுவில் பெருநெல்லூர். கடல் ஓரத்தில் அலைவாய். பெருநெல்லூர் பெயருக்கேற்ற பெரிய ஊர், தெருவுக்குள் தெரு போகும். தேனடுக்கம் அதில் பாதி இருக்கும். அலைவாயோ, ஒரு கோழி கூவினால் ஊர் முழுக்க எழுந்துவிடுகிற அளவுதான்.

அந்த நாட்டில் ராஜா மகன் ராஜா கிடையாது. தலைவரை ஊர்தான் தேர்ந்தெடுக்கும். எப்படி என்று கேளுங்க. ஊருக்கு ஒரு மந்திரச் சங்கு. தலைவர் காலமானால் வளர்ந்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து, தனக்கு வேண்டியவர் பெயரைச் சங்குக்குள் மெதுவாகச் சொல்வார்கள். சங்குக்காரர் அதைச் சுமந்துபோய்ப் பெருநெல்லூர் முற்றத்தில் ஒரே ஒரு மூச்சு ஊதுவார். எந்தப் பெயரை அதிகம் பேர் சொன்னார்களோ, அந்தப் பெயரைக் கூவிக்கொண்டு சங்கிலிருந்து ஒரு கருடன் பறந்து வந்து, அந்த ஆளின் தோளில் உட்காரும். மூன்று சங்குக்கு மூன்று கருடன். இரண்டு கருடன் யார் தோளில் உட்கார்கிறதோ அவருக்குத் தலைமைக்கோல்.

அலைவாய்க்காரர்களுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. கூழ் குடிக்கிற வீடு ஆனாலும், "பெருநெல்லூருக்கும் ஒரு கருடன், எங்களுக்கும் ஒரு கருடன்" என்று மீசையைத் தடவிக்கொண்டுதான் குடிப்பார்கள்.

அந்த அலைவாயில் சங்கு சுமக்கிறவன் சேதுராசு. அவன் பெண்டாட்டி பவளாயி. பாவம், அவளுக்குப் பேச்சே வராது. ஊமை இல்லை, கூச்சம். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாயிலிருந்து வருவது வார்த்தையா மூச்சா என்றே தெரியாது. கடைக்காரரிடம் உப்பு கேட்டால் அவர் பருப்பு கொடுப்பார். மாற்றிக் கேட்கவும் கூச்சப்பட்டு அதையே வாங்கி வந்துவிடுவாள். அன்றைக்கு உப்பில்லாத குழம்புதான். மாமியார் மட்டும், "என் மருமக வாயைத் தெறக்கணும்னா ஆடி மாசத்துல மழை கேட்ட மாதிரி காத்திருக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மடியில் எட்டு மாதப் பிள்ளை. அதோடு மட்டும் நாள் முழுக்கப் பேசுவாள்.

அந்த வருஷம் பழைய தலைவர் காலமாகி, தலைமைக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி பெருநெல்லூர் வடிவுடையாள். பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்து, மூன்று ஊருக்கும் வண்டி வண்டியாகக் கம்பு அனுப்பியவள். இன்னொருத்தன் சலகண்டன், மாயாவி. மினுமினுவென்று மீன் செதிலால் தைத்த மேலங்கி போட்டிருப்பான். தேனடுக்கத்தில் போய்ப் பட்ட மரத்தில் பழம் காட்டினான். அலைவாயில் வந்து வெறும் வலையை உதறி மீன் காட்டினான். பழமும் மீனும் பொழுது சாய்ந்ததும் காணாமல் போய்விட்டன. அதற்குள்ளே பாதிக்குச் சற்று மேலானவர்கள் அவன் பெயரைச் சொல்வதென்று முடிவு கட்டியிருந்தார்கள். பெருநெல்லூர்ப் பக்கம் அவன் தலைகூடக் காட்டவில்லை. எதற்குக் காட்டணும்? இரண்டு கருடன் போதுமே.

ஊரெல்லாம் சங்குக்குள் பெயர் சொல்லி முடித்தது. பவளாயியும் கடைசியாகப் போய், முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, "வடிவுடையாள்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றைக்குச் சலகண்டன் சேதுராசு வீட்டுக்கே வந்து நின்றான். சங்கை என்னிடம் கொடு, பத்திரமாக நானே கொண்டுபோகிறேன் என்றான். சேதுராசு வலையை மடித்துக்கொண்டே, ஊர் கொடுத்த சங்கை ஊர்க்காரன்தான் சுமப்பான் என்று சொல்லிவிட்டான். மாயாவி ஒரு வார்த்தை முணுமுணுத்தான். வலை மட்டும் தரையில் கிடந்தது. சேதுராசு நின்ற இடத்தில் பெரிய பை அலகோடு ஒரு கூழைக்கடாப் பறவை நின்று திருதிருவென்று விழித்தது.

"தலைமைக்கோல் என் கைக்கு வரட்டும்," என்றான் சலகண்டன். "அதுக்கப்புறம் நான் போட்ட கட்டு எதையும் நானே நெனைச்சாலும் அவிழ்க்க முடியாது. உன் புருஷன் சாகுறவரைக்கும் மீன் முழுங்கிக்கிட்டுத் திரிய வேண்டியதுதான்."

ஒப்படைக்காத கை தொட்டால் அந்தச் சங்கு சுட்டுவிடும், அதனால் அவனால் பறிக்க முடியவில்லை. சங்குக்காரனுக்கு ஆகாவிட்டால் அந்த வீட்டுக் கைதான் சுமக்கணும் என்பது வழக்கம். அவன் பவளாயியை ஏற இறங்கப் பார்த்தான். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். இது என்ன செய்துவிடப் போகிறது என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அவன் போனதும் கூழைக்கடா வாயைத் திறந்தது.

"பவளம், அழாத புள்ள. பசிக்குது. மீன் இருந்தா எடு, குழம்பு வேண்டாம், அப்படியே குடு."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குரல் அவனுடைய குரலேதான்.

அப்புறம் புறப்பட்டார்கள். பவளாயி தோளில் சங்கு. கூடவே ஊர்ப் பெரிய மனிதர் கொம்பையா, உறவில் பவளாயிக்கு மாமன்முறை. பிள்ளை எங்கே என்று கேட்கிறீர்களா? கூழைக்கடாவின் அலகுப் பைக்குள்ளே. தூளி மாதிரி ஆட, தகப்பன் நடக்க நடக்கப் பிள்ளை தூங்கியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம், ஐயோ பறவை பிள்ளையை விழுங்கிவிட்டது என்று கம்பெடுத்து ஓடிவந்தார்கள். கொம்பையாவுக்கு அவர்களுக்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிட்டது.

முதல் நாள் தென்னந்தோப்பில் இறங்கினார்கள். ஆட்டுப்பால் வாங்கி, பவளாயி பிள்ளைக்குப் பால்சங்கில் புகட்டினாள். புகட்டிவிட்டு மந்திரச் சங்கைச் சும்மா காதில் வைத்தாள். "சலகண்டன்" என்று கருடன் குரலில் ஒரே அதட்டல். ஊர் சங்கிலேயே அவன்தான் மேலே நிற்கிறான். தேனடுக்கம் எப்படியும் அவன் பக்கம்தான், இதையும் ஊதினால் இரண்டாவது கருடனும் அவனுக்கு. புருஷன் பறவைதான்.

இதைக் கேட்ட கூழைக்கடா சுற்றுமுற்றும் பார்த்தது. "ஆத்துல போட்டுருவோமா? கை தவறிருச்சுன்னு சொல்லிரு."

பவளாயி யோசிக்காமல் இல்லை. யோசித்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள்.

"வேணாம் மச்சான். அவன் பேரைச் சொன்னவங்களும் நம்ம ஊருதான். நம்பித்தானே நம்ம கையில குடுத்தாங்க."

கூழைக்கடா இப்படிப்பட்டவளைக் கட்டியதற்குப் பறவையாய்ப் போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரி இறக்கையை ஒரு தடவை விரித்து மடக்கிக்கொண்டது.

இரண்டாம் நாள் ஆற்றங்கரை. பிள்ளைக்குப் புகட்டிவிட்டு மறுபடி சங்கைக் காதில் வைத்தாள். மேலே அதே அதட்டல். ஆனால் அதற்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி, ஒரு சின்னக் குரல். "நானும் இருக்கேன். நானும் இருக்கேன்." யார் குரல் இது, எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று பார்த்தால், அது அவளுடைய குரல்தான். முந்தானையால் மூடிக்கொண்டு சொன்னாளே, அந்தக் குரல். ஒரு மூச்சோடு சங்கை வைத்துவிட்டால் இது எங்கே போகும்? எங்கேயும் போகாது. சுழிக்குள்ளேயே கிடந்து புளிக்கும்.

மூன்றாம் நாள் பெருநெல்லூர் வாசல் சாவடி. பிள்ளை பாலைக் குடித்துவிட்டு, சங்கைப் பிடித்து இழுத்து இன்னும் என்று காலை உதைத்தது. தீர்ந்துபோச்சு கண்ணு என்று சொல்ல வாயெடுத்தவள், பழக்கப்பட்ட கையால் பால்சங்கைச் சாய்த்து ஒரு திருப்புத் திருப்பினாள். உள்ளே நின்ற பால் வழிந்து வந்தது. இன்னொரு திருப்பு. இன்னும் ஒரு சொட்டு. பிள்ளை சப்புக்கொட்டியது.

பவளாயி பால்சங்கைப் பார்த்தாள். மந்திரச் சங்கைப் பார்த்தாள். அதை எடுத்துக் காதில் வைத்துச் சாய்த்து, ஒரு திருப்புத் திருப்பினாள். ஒரு குரல் இல்லை, பத்துக் குரல், ஐம்பது குரல். உப்புக் கடைக்காரர் குரல். மாமியார் குரல். "நானும் இருக்கேன், நானும் இருக்கேன், நானும் இருக்கேன்."

"என்ன புள்ள, முகம் மாறுது?" என்றது கூழைக்கடா.

"ஒண்ணுமில்ல மச்சான். பிள்ளையைப் பத்திரமா வெச்சுக்கோங்க."

முற்றத்தில் கூட்டம் கால் வைக்க இடமில்லை. நடுவில் இரண்டு புன்னை மரம். ஒன்றின் கீழே வடிவுடையாள், ஒன்றின் கீழே சலகண்டன். மேடையில் தலைமைக்கோலோடு கோல்காவலர், வெள்ளைத் தாடிக்காரர்.

பெருநெல்லூர் சங்கு ஊதியது. கருடன் வடிவுடையாள் தோளில் உட்கார்ந்தது. தேனடுக்கம் சங்கு ஊதியது. கருடன் சலகண்டன் தோளில் உட்கார்ந்தது. மிச்சம் அலைவாய். நாலு பேர் முன்னால் உப்பு கேட்க முடியாதவள், நாடே பார்க்க நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூச்சு ஊதினாள். கருடன் பறந்தது. வட்டமிட்டது. சலகண்டன் தோளில் உட்கார்ந்தது.

அவன் கோலுக்குக் கை நீட்டினான். கூட்டத்தில் கூழைக்கடா தலையைத் தொங்கப் போட்டது.

"இன்னும் இருக்கு," என்றாள் பவளாயி.

யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். மூன்றாம் தடவை, பிள்ளை கிணற்றுப் பக்கம் தவழ்ந்து போனால் ஒரு தாய் எப்படிக் கூப்பிடுவாளோ அப்படிச் சொன்னாள்.

"சங்கு இன்னும் காலியாகலை. உள்ள ஆளுங்க இருக்காங்க."

முற்றம் அடங்கிவிட்டது. கொம்பையா பதறிப்போய் அவள் பக்கத்தில் வந்தார். ஒரு தடவைக்கு மேல் சங்கு ஊதினால் எழவு வீடு என்று அர்த்தம், யார் செத்துப்போனது என்று கடிந்துகொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார். அவர் பயம் வேறு.

"கூறுகெட்டதனமா எதுவும் செஞ்சிராத தாயி. குரல் குரலா எண்ண ஆரம்பிச்சா நம்ம ஊரு எம்மாத்திரம்? பெருநெல்லூர்ல ஒரு தெருவுக்குக் காணுமா? நம்மகிட்ட ஒரு கருடன் இருக்கிறதாலதான் எல்லாரும் நம்மளைத் திரும்பிப் பாக்குறாங்க."

பவளாயிக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. அவளும் அந்தப் பெருமையில் கூழ் குடித்து வளர்ந்தவள்தான். அதனால் மெதுவாகவே பதில் சொன்னாள், ஆனால் முற்றம் முழுக்கக் கேட்டது.

"திரும்பிப் பாத்தது நம்மளை இல்ல மாமா, சங்கை. உள்ள நம்ம ஊர்ல பாதிப்பேரு மூச்சு முட்டிக் கிடக்காங்க. அவங்க வாயைப் பொத்தித்தான் ஊருக்குப் பெருமைன்னா, அந்தப் பெருமை எனக்கு வேணாம். எல்லாரும் பேசட்டும். அப்பவும் அலைவாய் அலைவாய்தான்."

சலகண்டன் சீறினான். இரண்டு கருடன் வந்தாயிற்று, வழக்கம் வழக்கம்தான் என்றான். கோல்காவலர் தாடியை நீவினார். ஒரு மூச்சு ஊதுவது வழக்கம், சரி. மேற்கொண்டு ஊதக் கூடாது என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா என்று அங்கே இருந்தவர்களைக் கேட்டார். யாரும் கேட்டதில்லை. யாரும் செய்து பார்த்ததும் இல்லை.

"ஊதும்மா," என்றார்.

அவள் சங்கைச் சாய்த்தாள். ஒரு திருப்புத் திருப்பினாள். பிள்ளையின் கஞ்சியை ஆற்றுகிற மாதிரி மெல்ல ஊதினாள். சங்கிலிருந்து ஒரு சிட்டுக்குருவி வந்தது. "வடிவுடையாள்" என்றது, பவளாயியின் சொந்தக் குரலில். தன் குரல் அத்தனை பெரிய முற்றத்தில் அத்தனை பேர் காதிலும் விழுவதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். அப்படியொன்றும் சின்னக் குரல் இல்லை அது. முதுகு தானாக நிமிர்ந்தது. குருவி போய் வடிவுடையாளின் புன்னையில் உட்கார்ந்தது.

இன்னொரு திருப்பு. இன்னொரு குருவி. இன்னொரு திருப்பு. ஒரு கொத்துக் குருவி. அலைவாயின் கருடன் சலகண்டன் தோளிலிருந்து எழும்பி, தானும் குருவி குருவியாக உதிர்ந்து, அவனுடைய புன்னையில் போய் உட்கார்ந்தது. அவன் பெயரைச் சொன்னவர்கள் குரலையும் ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் ஊதினாள் பவளாயி. கடைசிக் குருவி வந்த பின்னும் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சங்கை இறக்கினாள்.

தேனடுக்கத்துச் சங்குக்காரர் தன் சங்கைக் காதில் வைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கியது. அவரும் சாய்த்து ஊதினார். பெருநெல்லூர்க்காரரும் ஊதினார். அங்கேயும் கொஞ்சம் பேர் சலகண்டன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். தங்களையும் யாரோ கேட்டார்களே என்று அந்தக் குருவிகளும் கீச்கீச்சென்று போய் அவன் மரத்தில் உட்கார்ந்தன. மூன்று கருடனும் போய், வானம் முழுக்கக் குருவி. எது எந்த ஊர்க் குருவி என்று யாருக்கும் தெரியவில்லை. எண்ணவும் தேவைப்படவில்லை. சலகண்டன் மரத்திலும் குருவி நிறைய இருந்தது. வடிவுடையாளின் மரமோ பாரம் தாங்காமல் கிளை தரையைத் தொட்டது.

தலைமைக்கோல் கோல்காவலர் கையிலிருந்து தானாக நழுவி, தரையைத் தட்டித் தட்டி நடந்துபோய் வடிவுடையாள் கையில் ஏறியது.

அந்த நேரத்தில் சலகண்டன் மேலங்கியிலிருந்து செதில் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தது. உதிர்ந்து முடித்ததும் பார்த்தால், ஒல்லியாய், சளி பிடித்த மூக்கோடு, சாதாரண ஆள். வடிவுடையாள் அவனை அடிக்கவில்லை, விரட்டவில்லை. அலைவாய்க்காரர்களுக்கு வலை நிறைய மீன் என்று வாக்குக் கொடுத்தாய், முதலில் அவர்கள் கிழிந்த வலையைத் தைத்துக் கொடு என்று அனுப்பிவைத்தாள். அதுவே அவனுக்கு ஆயுசுக்கும் போதுமான வேலை.

கோலை எடுத்துக்கொண்டு அவள் கூழைக்கடா பக்கம் வந்தாள். கூழைக்கடா இரண்டடி பின்வாங்கியது.

"பவளம், முதல்ல பிள்ளையை வெளிய எடு புள்ள. மனுஷ வாய் இவ்வளவு தாங்காது."

முற்றமே சிரித்தது. பிள்ளையை எடுத்ததும் கோல் தொட்டது. சேதுராசு முழு ஆளாக நின்றான். அந்தக் கட்டு அவிழ்ந்ததோடு, மாயாவி எங்கெங்கே யார் யாரைக் கொக்காகவும் நாரையாகவும் ஆக்கியிருந்தானோ, எல்லாரும் அங்கங்கே எழுந்து நின்று துணி தேடினார்கள்.

பவளாயிக்கு என்ன வேண்டும் என்று வடிவுடையாள் கேட்டாள். பட்டுப் புடவையா, வீடா என்றாள். பவளாயி கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் பயம் இன்னும் முகத்தில் இருந்தது.

"எங்க ஊரு சின்ன ஊருங்க. குரலை எண்ணினா எப்பவும் கொஞ்சமாத்தான் இருக்கும். அதனால வருஷத்துல ஒரு தடவையாவது கோலோட எங்க ஊருக்கு வந்து உக்காரணும். நாங்க சொல்றதைக் கேக்கணும்."

வடிவுடையாள் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு அலைவாயில், ஒரு பங்கு தேனடுக்கத்தில் என்று அங்கேயே வாக்குக் கொடுத்தாள். சொன்னபடியே வந்தாள். கடற்கரை மணலில் உட்கார்ந்து பவளாயி வைத்த குழம்பும் சாப்பிட்டாள்.

கொம்பையா ஊர் திரும்புகிற வழியெல்லாம் என்ன சொல்லிக்கொண்டு வந்தார் தெரியுமா? "நாட்டுக்கே முதல் குருவி எங்க ஊரு குருவி" என்று, மீசையைத் தடவிக்கொண்டு. மாமியார் அதற்கும் மேலே. என் மருமகள் ஊதினாள், என் மருமகள் ஊதினாள் என்று பக்கத்து ஊர் வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். பவளாயி ஊர் திரும்பிய மறுநாள் கடைக்குப் போய் உப்பு என்று கேட்டாள். கடைக்காரர் உப்பே கொடுத்தார்.

அன்றிலிருந்து அந்த நாட்டில் கருடன் பறக்கவில்லை. கடைசிக் குரல் வருகிறவரை ஊதிவிட்டுத்தான் சங்கைக் கீழே வைப்பார்கள். கவிழ்த்துத் தட்டியும் பார்ப்பார்கள். அது பவளாயி போட்ட வழக்கம்.

இதோ, இந்தப் பால்சங்கும் கழுவியாகிவிட்டது. காதில் வைத்துப் பாருங்க. ஒருத்தர் ஒருத்தராக, தள்ளாதீங்க, எல்லாருக்கும் உண்டு. ஹோவென்று கேட்கிறதா? அது காற்று இல்லை. கடலும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்து, ஒரு திருப்புத் திருப்பினால் உள்ளே உங்க குரலே சின்னதாக... இதோ வந்துட்டேன் அத்தை, முழிச்சுக்கிட்டானா? சங்கைக் கீழே வைக்காதீங்க, வந்ததும் கேட்பேன், அது உங்ககிட்ட என்ன சொல்லுச்சுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லணும்.